எக்ஸ் கால் மேசை: ஸ்ப்ரெட்ஷீட் கோணமும் பலகையில் வரும் கோணமும் ஏன் ஒத்துப்போகவில்லை?

மரத்தூள்:
வணக்கம். ஒரு மேசைக்கு எக்ஸ் வடிவக் கால் போடுகிறேன். பக்கத்துக்கு இரண்டு சட்டம், நடுவில் பாதிப்பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். தரையில் மொத்த அகலம் 600 மிமீ. உயரம் 700 மிமீ, மேல்பலகையின் கனமும் அதன் அடிச்சட்டமும் கழித்த பிறகு. சட்டத்தின் அகலம் 90, கனம் 40.

பி1-ல் 600, பி2-ல் 700, பி3-ல் 90 போட்டு வைத்திருக்கிறேன். கோணத்துக்கு =டிகிரீஸ்(ஏடேன்(பி2/பி1)). வந்தது 49.4. (ஃபார்முலாவைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) அட்டையில் முழு அளவில் வரைந்தால் கால் 600-க்குள் அடங்கவே இல்லை, ஐந்தாறு விரல்கடை வெளியே நிற்கிறது. மரத்தில் இன்னும் கை வைக்கவில்லை. எங்கே இடிக்கிறது?

மூலைமட்டம்:
இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஸ்ப்ரெட்ஷீட்டுக்குத் தெரிந்தது ரேடியன் மட்டும்தான். சைன்(30) என்று கேட்டால் 0.5 தராது, -0.988 தரும். உள்ளே போகும் கோணத்தை ரேடியன்ஸ்() போட்டு மாற்ற வேண்டும், வெளியே வரும் கோணத்தை டிகிரீஸ்() போட்டு மாற்ற வேண்டும். இரண்டு, மைட்டர் ரம்பத்தின் (திருப்பி வைத்துச் சாய்வாக வெட்டும் ரம்பம்) அளவுகோலில் 0 என்றால் நேர்வெட்டு. அதாவது பலகையின் விளிம்புக்கு 90 டிகிரி. தரையோடு 49.4 டிகிரியில் நிற்கும் சட்டத்துக்கு ரம்பத்தில் வைக்க வேண்டியது 90 - 49.4 = 40.6. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழும் குழி இந்த இரண்டில் ஒன்றுதான்.

மரத்தூள்:
இரண்டும் சரியாகத்தான் சார் இருக்கிறது. டிகிரீஸ் போட்டிருக்கிறேன். அட்டையில் ரம்பமே இல்லையே, பாகைமானி வைத்துத்தானே வரைந்தேன்.

கணக்குப்பிள்ளை:
கணக்கு சரிதான், ஆனால் வேறொரு பொருளுக்கான கணக்கு அது. 600-க்கு 700 முக்கோணத்தில் நீங்கள் கண்டுபிடித்தது ஒரு கோட்டின் கோணம். கோட்டுக்கு அகலம் கிடையாது, உங்கள் சட்டத்துக்கு 90 மிமீ அகலம் இருக்கிறது.

ஒரு சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் தரைக்கு மட்டமாக வெட்டியிருக்கும், மேல்பக்கமும் அப்படியே. ஆக அது ஒரு சாய்ந்த இணைகரம். அதன் இடது கீழ்முனை 600 × 700 பெட்டியின் இடது கீழ்மூலையில் இருக்க வேண்டும், வலது மேல்முனை பெட்டியின் வலது மேல்மூலையில். அந்த இரண்டு முனைகளும் சட்டத்தின் ஒரே விளிம்பில் இல்லை, எதிரெதிர் விளிம்புகளில் இருக்கின்றன. இதுதான் விஷயம்.

இப்போது இடது விளிம்பை மட்டும் பாருங்கள். அது தரையில் 0-வில் தொடங்கி, 700 உயரத்தில் எங்கே போய் முடிகிறது? 600-ல் இல்லை. சாய்வாக வெட்டிய முகத்தின் நீளம் அளவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அந்த முகத்தின் நீளம் 90/சைன்(கோணம்). அப்படியானால்

டேன்(கோணம்) = 700 / (600 - 90/சைன்(கோணம்))

கோணம் இரண்டு பக்கமும் வருகிறது, அதனால் நேராகப் பிரித்தெடுக்க முடியாதது போலத் தெரியும். கொஞ்சம் மாற்றி எழுதினால் இப்படி ஆகிறது:

600 × சைன்(கோணம்) - 700 × காஸ்(கோணம்) = 90

பள்ளியில் படித்த சைன்(அ - ஆ) சூத்திரம் நினைவிருந்தால் இடது பக்கம் முழுவதையும் ஒரே சைனாகச் சுருக்கலாம். விடை:

=டிகிரீஸ்(ஏடேன்(பி2/பி1) + ஏசைன்(பி3/எஸ்கியூஆர்டி(பி1^2+பி2^2)))

அதாவது நீங்கள் கண்டுபிடித்த 49.4-உடன் ஒரு சின்னத் திருத்தம் சேர வேண்டும். மூலைவிட்டம் 921.95. 90/921.95-க்கு ஏசைன் 5.6 டிகிரி. மொத்தம் 55.0. ரம்பத்தில் 35.

49.4-லேயே வெட்டியிருந்தால் கால் எவ்வளவு வெளியே போகும் என்பதையும் பாருங்கள். 90/சைன்(49.4) = 118.5 மிமீ. மொத்த அகலம் 718.5. நீங்கள் சொன்ன ஐந்தாறு விரல்கடை அதுதான்.

மரத்தூள்:
அட! 55 வைத்து அட்டையில் மறுபடி வரைந்தேன். கச்சிதமாக 600-க்குள் உட்காருகிறது. மிக்க நன்றி.

உளிச்சத்தம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அட்டையில் வரைந்ததால்தானே தப்பு தெரிந்தது? அப்படியானால் அட்டையிலேயே முடித்திருக்கலாமே. ஒரு பிளைவுட் துண்டில் 600 × 700 பெட்டி வரையுங்கள். 90 மிமீ அகல சட்டத்தையே அதன் மேல் வையுங்கள். ஒரு விளிம்பு கீழ்மூலையைத் தொடவும் எதிர்விளிம்பு மேல்மூலையைத் தொடவும் திருப்புங்கள். பென்சிலால் இரண்டு கோடு. வேலை முடிந்தது. சைனும் வேண்டாம், காஸும் வேண்டாம். பெவலை (எந்தக் கோணத்திலும் இறுக்கி வைக்கும் மட்டம்) அந்தக் கோட்டில் வைத்துத் திருகை இறுக்கினால் ரம்பத்துக்கு அதுவே போதும், டிகிரி என்ன என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
உளிச்சத்தம் அண்ணே, நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. ஒரே ஒரு மேசை என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் 90-க்குப் பதில் 70 அகலத்தில் மரம் கிடைத்தால் என்ன ஆகும், 600 வேண்டாம் 650 வைக்கலாமா, எந்த அகலத்தில் ரம்பம் திரும்பாமல் போகும் என்றெல்லாம் உட்கார்ந்த இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு செல்லை மாற்றினால் போதும். பிளைவுட் என்றால் ஒவ்வொரு முறையும் வரைய வேண்டும். அதோடு நீளமும் கையோடு வந்துவிடும். விளிம்பின் நீளம் =பி2/சைன்(ரேடியன்ஸ்(பி4)), இங்கே பி4-ல் கோணம். 854.5 வருகிறது. முனைக்கு முனை எவ்வளவு மரம் தேவை என்றால் அதோடு பி3/டேன்(ரேடியன்ஸ்(பி4)) சேருங்கள், 63 மிமீ. ஆக 917.5. நான்கு கால் துண்டு ஒரே பலகையில் வருமா என்பதை மரம் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

உளிச்சத்தம்:
சரி, மரக்கணக்குக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே கோணத்தில் வரிசையாக வெட்டினால் ஒரு துண்டின் சாய்முனை அடுத்த துண்டின் சாய்முனைக்குள் பொருந்திப் போகும். அந்த 63 ஒவ்வொரு துண்டுக்கும் சேராது, பலகைக்கு ஒரு முறைதான். ரம்பம் தின்னும் 3 மிமீயை மறக்காதீர்கள். அதுவும் சாய்வாக வெட்டும்போது விளிம்போரமாக அளந்தால் 3 இல்லை, கொஞ்சம் கூட. ஸ்ப்ரெட்ஷீட் இதையெல்லாம் தானாகச் சொல்லாது.

கணக்குப்பிள்ளை:
உண்மை. விளிம்போரமாக 3/சைன்(55), அதாவது 3.7. நான்கு துண்டுக்கு 4 × 854.5 + 63 + வெட்டுகள். முனைகளைச் சீர்செய்யவும் கொஞ்சம் விட்டால் 3.5 மீட்டருக்கு மேல் நல்ல மரம் வேண்டும்.

நெளிபலகை:
இந்தத் திருத்தச் சூத்திரம் எனக்குத் தெரியாது. இதுவரை கோல் சீக் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு செல்லில் கோணம், இன்னொன்றில் 600 சைன் - 700 காஸ் - 90, அது 0 ஆகும்வரை கோணத்தை மாற்று என்று சொல்லிவிடுவேன். விடை ஒன்றாகத்தான் வருகிறது. ஒரே தொல்லை, அகலத்தை மாற்றினால் தானாகக் கணக்கு போடாது, மறுபடி ஓட்ட வேண்டும். மறந்துபோய்ப் பழைய கோணத்தில் வெட்டினால் போச்சு. சூத்திரம் இருக்கும்போது அதுதான் மேல்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஏடேன்-க்குப் பதில் ஏடேன்2 போடலாமா? நான் நிரல் எழுதும் ஆள், கை தானாக அங்கேதான் போகிறது.

கணக்குப்பிள்ளை:
போடலாம், ஆனால் உங்களுக்குத்தான் அது ஆபத்து. பெரும்பாலான நிரல்மொழிகளில் ஏடேன்2-க்கு முதலில் உயரம், பிறகு கிடை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் மூன்றிலும் தலைகீழ்: முதலில் கிடை, பிறகு உயரம். இந்த மேசையில் மாறிப் போட்டால் 49.4-க்குப் பதில் 40.6 வரும். இரண்டும் நம்பக்கூடிய எண்களாகவே இருப்பதால் கண்ணில் படாது. மரவேலைக்கு வெறும் ஏடேன் போதும், நம் அளவுகள் எதுவும் மைனஸில் போவதில்லையே.

தொட்டிக்காரன்:
நல்ல இழை. எனக்கு அடுத்த கட்டக் கேள்வி. செடித்தொட்டி, நான்கு பக்கமும் வெளிப்பக்கமாக 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். மூலைகள் சாய்வெட்டில் சேர வேண்டும். ரம்பத்தில் மைட்டர் (ரம்பத்தைத் திருப்பும் கோணம்) ஒன்று, பிளேடு சாய்வு ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்று தெரிகிறது. இரண்டு இடத்தில் சூத்திரம் பார்த்தேன். ஒன்றில் சைன் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் காஸ் இருக்கிறது. எது சரி?

கணக்குப்பிள்ளை:
இரண்டும் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் சாய்வை நிமிர்ந்த நிலையிலிருந்து அளக்கிறார் (15), இன்னொருவர் தரையிலிருந்து அளக்கிறார் (75). சைன் 15-ம் காஸ் 75-ம் ஒன்றே. எதிலிருந்து அளக்கிறோம் என்று செல்லுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்காத ஷீட்டை நான் நம்ப மாட்டேன், அது நான் போன வருடம் எழுதியதாக இருந்தாலும்.

நான் தரையிலிருந்து அளப்பேன். டி1-ல் சாய்வு 75, டி2-ல் பக்கங்களின் எண்ணிக்கை 4.

மைட்டர்: =டிகிரீஸ்(ஏடேன்(காஸ்(ரேடியன்ஸ்(டி1))*டேன்(ரேடியன்ஸ்(180/டி2))))
பிளேடு சாய்வு: =டிகிரீஸ்(ஏசைன்(சைன்(ரேடியன்ஸ்(டி1))*சைன்(ரேடியன்ஸ்(180/டி2))))

உங்கள் தொட்டிக்கு மைட்டர் 14.51, பிளேடு 43.08. ஆறு பக்கம் என்றால் 8.50, 28.88.

இந்த ஃபார்முலாவை என்னை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். விடை ஏற்கெனவே தெரிந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். சாய்வு 90 கொடுத்தால் சாதாரணப் பெட்டி, மைட்டர் 0, பிளேடு 45 வர வேண்டும். சாய்வு 0 கொடுத்தால் படச்சட்டம், மைட்டர் 45, பிளேடு 0. மூன்றாவது சோதனை உங்கள் ரம்பத்திலேயே இருக்கிறது. பல மைட்டர் ரம்பங்களில் 31.6-ல் ஒரு பள்ளமும் பிளேடு சாய்வில் 33.9-ல் ஒரு குறியும் இருக்கும். சுவரோடு 38 டிகிரியில் உட்காரும் கூரையோர அலங்காரச் சட்டத்துக்காக வைத்தது. தரையிலிருந்து அது 52. டி1-ல் 52 போடுங்கள், 31.62-ம் 33.86-ம் வரும்.

மூலைமட்டம்:
தொட்டிக்காரன் கவனிக்க: பலகையின் அகலமும் மாறும். தொட்டியின் செங்குத்து உயரம் 300 வேண்டுமென்றால் பலகை 300/சைன்(75), அதாவது 310.6 இருக்க வேண்டும். கீழ்விளிம்பையும் 15 டிகிரி சாய்த்து இழைத்தால்தான் தரையில் மட்டமாக உட்காரும்.

தொட்டிக்காரன்:
நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. நான்கு மூலையும் சதுரம்தானே, பிளேடு 45 இல்லாமல் ஏன் 43.08?

கணக்குப்பிள்ளை:
மேலிருந்து பார்க்கும்போதுதான் சதுரம். பலகைகள் சாய்ந்திருப்பதால், இரண்டு பலகையின் முகங்களுக்கு நடுவே உள்ள கோணத்தைச் சேரும் விளிம்புக்குச் செங்குத்தாக அளந்தால் 93.84 வரும். அதில் பாதி 46.92. 90-லிருந்து அதைக் கழித்தால் 43.08. வெட்டிய பிறகு இரண்டு துண்டைச் சேர்த்துப் பிடித்து உள்மூலையில் மூலைமட்டத்தை விளிம்புக்குச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 4 டிகிரி திறந்திருந்தால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள். முழுக்க 90-ஆக உட்கார்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உளிச்சத்தம்:
14.51, 43.08 என்று இரண்டு தசமம் எழுதுகிறீர்களே, அந்த .01-ஐ எந்த ரம்பத்தில் வைப்பது? என் ரம்பத்தில் அரை டிகிரிக்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

நெளிபலகை:
எம்ரவுண்ட்(செல், 0.5) போட்டால் அரை டிகிரிக்கு முழுமையாக்கித் தரும்.

கணக்குப்பிள்ளை:
நெளிபலகை, பார்வைக்கு மட்டும் முழுமையாக்குங்கள். முழுமையாக்கிய செல்லை அடுத்த ஃபார்முலாவுக்குள் விட்டால் நீளமெல்லாம் நகரும்.

உளிச்சத்தம் அண்ணே கேட்டது நியாயம்தான். 90 மிமீ அகல வெட்டில் அரை டிகிரி தப்பினால் மூட்டின் ஒரு முனையில் 0.8 மிமீ இடைவெளி. மேசைக் காலில் அது தரையில் தெரியாமல் போகலாம். ஆனால் அறுகோணச் சட்டம் என்றால் 12 வெட்டு, ஒவ்வொன்றிலும் கால் டிகிரி ஒரே பக்கமாகப் போனால் கடைசி மூட்டில் 3 டிகிரி வாயைப் பிளந்து நிற்கும். அதனால் எண்ணை ரம்பத்தின் அளவுகோலில் தேடாமல் நீளமாக மாற்றிக்கொள்வேன். 200 × டேன்(35) = 140. பிளைவுட் துண்டின் நேர்விளிம்பில் 200 மிமீ அளந்து, அதன் முனையில் செங்குத்தாக 140.0 அளந்து, இரண்டு முனையையும் கோட்டால் சேர்த்தால் 35 டிகிரி. பெவலை அதில் வைத்து, பெவலை வைத்து ரம்பத்தைத் திருப்ப வேண்டியதுதான். 200 மிமீயில் அரை மிமீ தப்பினால்கூடக் கோணம் 0.1 டிகிரிக்கு மேல் மாறாது. எந்தப் பாகைமானியும் அவ்வளவு கிட்டே வராது.

உளிச்சத்தம்:
சுற்றிச் சுற்றி என் பிளைவுட்டுக்கே வந்துவிட்டீர்கள் பார்த்தீர்களா!

இந்த இடத்தில் பழைய கர்ணக் கணக்கையும் சொல்லி வைக்கிறேன். நீள்பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குறும்பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். 4-க்கு 3 என்றால் 3.5 + 1.5 = 5. வர்க்கமூலமே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அழகான கணக்கு, மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆனால் மரம் வெட்ட வேண்டாம். 600-க்கு 700 என்றால் 912.5 வரும், உண்மை 921.95. ஒன்பது மிமீக்கு மேல் குறை. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் இன்னும் மோசம், நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று பங்கு குறையும்.

சுவரோரம்:
சதுரமில்லாத மூலைக்கு ஒரு வழி கேட்கலாம் என்று வந்தேன். இரண்டு சுவரிலும் ஓடும் தட்டு, மூலையில் சாய்வெட்டு. சுவர் 90 இல்லை என்று மட்டும் தெரிகிறது.

மூலைமட்டம்:
மூலையிலிருந்து ஒரு சுவரில் 600, இன்னொன்றில் 800 குறித்துக்கொண்டு, அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே அளங்கள். சரியாக 1000 வந்தால் சதுரம். வராவிட்டால் =டிகிரீஸ்(ஏகாஸ்((600^2+800^2-அளவு^2)/(2*600*800))). எடுத்துக்காட்டாக 1012 வந்தால் கோணம் 91.44. அதில் பாதி 45.72, ரம்பத்தில் 44.28. 1 மிமீ தப்பாக அளந்தால் 0.12 டிகிரி மாறும், அதனால் அளக்கும்போது நாடா தொய்யாமல் பிடியுங்கள். சுவரில் பூச்சு புடைத்திருக்கும் இடத்தில் குறி வைக்காதீர்கள், தட்டு வரும் உயரத்திலேயே அளங்கள்.

நெளிபலகை:
முக்காலி, நாற்காலிக் கால்களுக்கும் ஒன்று எழுதி வைக்கிறேன், யாராவது தேடி வருவார்கள். முன்னால் பார்க்கும்போது கால் 12 டிகிரி விரிகிறது, பக்கத்திலிருந்து பார்க்கும்போது 8 என்றால் துளை எந்தக் கோணத்தில் போடுவது? இரண்டையும் கூட்டக் கூடாது. =டிகிரீஸ்(ஏடேன்(எஸ்கியூஆர்டி(டேன்(ரேடியன்ஸ்(12))^2+டேன்(ரேடியன்ஸ்(8))^2))), 14.3. துளைக்கருவி எந்தத் திசையில் சாய வேண்டும் என்பதற்கு ஏடேன்(டேன் 8 / டேன் 12), 33.5 டிகிரி. இது 12 டிகிரி விரியும் திசையிலிருந்து அளப்பது. இருக்கைப் பலகையின் அடியில் அந்தக் கோட்டைப் பென்சிலால் இழுத்து, பெவலை 14.3-ல் வைத்துக் கோட்டின் மேல் நிறுத்திவிட்டுத் துளை போடுங்கள்.

மரத்தூள்:
இழையைத் தொடங்கியவன் கடைசியில் வருகிறேன். கழிவு மரத்தில் இரண்டு துண்டு 35-ல் வெட்டி வைத்தேன், பாதம் 600-க்குச் சரியாக நிற்கிறது. நடுவில் வரும் பாதிவெட்டுக்கு என்ன கோணம், எவ்வளவு அகலம்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு சட்டமும் தரையோடு 55. அவை குறுக்கே வெட்டும் கோணம் 180 - 2 × 55 = 70. ரம்பத்தில் 20. வெட்டுவாயின் அகலம் விளிம்போரமாக அளந்தால் 90/சைன்(70) = 95.8, இரண்டு தோள்களுக்கும் (வெட்டுவாயின் பக்கச்சுவர்கள்) செங்குத்தாக அளந்தால் 90. நடுப்புள்ளி சட்டத்தின் நடுக்கோட்டில், முனையிலிருந்து 427.2 தள்ளி. ஆழம் 20, கனத்தில் பாதி.

உளிச்சத்தம்:
95.8-ஐ நாடாவில் அளந்து வெட்டாதீர்கள் தம்பி. நடுப்புள்ளியைக் குறித்து, ஒரு சட்டத்தின் மேல் இன்னொரு சட்டத்தையே வைத்துக் கத்தியால் கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டிவிட்டு, மிச்சத்தை உளியால் சீவிக்கொண்டே வாருங்கள். ஆழத்துக்கு 20 என்பதை நம்பாமல் சட்டத்தின் கனத்தை முதலில் அளங்கள். இழைத்த பிறகு 40 என்பது 38 ஆகியிருக்கும், அப்போது பாதி 19.